குரூப் பாலிசியிலிருந்து சிலரை மட்டும் விலக்குவது எப்படி? புதிதாக சிஸ்டம் அட்மின் வேலைக்கு வந்தவர்களுக்கு

சர்வரில் பாலிசி போட்ட மறுநாள் காலையில் போன் அடிக்கத் தொடங்கும். "தம்பி, பென் டிரைவ் போட்டா ஆக்சஸ் டினைடுன்னு வருதுப்பா, ஆடிட்டர் ஃபைல் குடுத்து விட்டிருக்காரு" என்று அக்கவுண்ட்ஸ் அண்ணன் கூப்பிடுவார். டிசைன் பார்க்கும் பெண், சிவகாசி அச்சகத்துக்கு வேலையைக் கொண்டுபோக முடியவில்லை என்பார். வரவேற்பறையில் டோக்கன் எண் காட்டும் திரை அடிக்கடி பூட்டிக்கொள்கிறது என்று இன்னொரு புகார் வரும். கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரே வரியில் உத்தரவு: "இவங்களுக்கு மட்டும் எடுத்து விட்டுடு."

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் விண்டோஸ் குரூப் பாலிசியில் (பல கணினிகளுக்கும் ஆட்களுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் வசதி) "இவர்களைத் தவிர" என்று தனியாக ஒரு பொத்தான் கிடையாது. அனுமதிகளை வைத்து நாமேதான் அதைச் செய்துகொள்ள வேண்டும். மதுரையில் ஐம்பது, நூறு கணினி வைத்திருக்கும் ஜவுளிக் கடை, மருத்துவமனை, கல்லூரி என்று எங்கே போனாலும் சிஸ்டம் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். பக்கத்தில் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் நிறுவனத்துக்கு அண்ணா நகரில் தலைமை அலுவலகம், கப்பலூரில் கிடங்கு, மேலூரில் கிளை. மூன்றையும் ஒரே டொமைனில் (எல்லாக் கணக்குகளையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில்) வைத்துக்கொண்டு இந்த விலக்கு வேலையோடு நான் நிறையவே போராடினேன். நீங்களும் அதே சுவரில் முட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஆக்டிவ் டைரக்டரி டொமைன் ஒன்று ஏற்கெனவே ஓடுகிறது, ஜிபிஓ (குரூப் பாலிசி ஆப்ஜெக்ட், அதாவது பாலிசி செட்டிங்குகளின் ஒரு தொகுப்பு) என்றால் என்னவென்று தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். டொமைனே இல்லாத சின்ன அலுவலகம் என்றால் நேராக 9ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

1. அந்த செட்டிங் ஆளுக்கா, கணினிக்கா?

எதையும் தொடுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். "விலக்கினேன், வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தவறியிருப்பார்கள்.

ஒவ்வொரு ஜிபிஓவுக்குள்ளும் இரண்டு பக்கம் உண்டு. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் ஒன்று, யூசர் கான்ஃபிகரேஷன் மற்றொன்று. முதல் பக்கத்தில் போட்டது கணினியின் கணக்குக்குப் போய்ச் சேரும். அந்தக் கணினியில் யார் லாகின் செய்தாலும், முதலாளியே உட்கார்ந்தாலும், அது அமலில் இருக்கும். இரண்டாவது பக்கத்தில் போட்டது ஆளின் கணக்கோடு போகும். ஆக, கம்ப்யூட்டர் பக்கத்தில் இருக்கும் ஒரு தடையிலிருந்து ஆளை விலக்கினால் ஒன்றுமே நடக்காது. பிழைச் செய்தியும் வராது. நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இதுதான்.

பென் டிரைவ் தடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ் என்ற பகுதி இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் இருந்தவர் எந்தப் பக்கத்தில் போட்டார் என்று திறந்து பாருங்கள். கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு இரண்டு வழி உண்டு. தடையை யூசர் பக்கத்துக்கு மாற்றிவிட்டு ஆட்களை விலக்கலாம். இல்லையென்றால் ஆளை விட்டுவிட்டு அவருடைய கணினியை விலக்கலாம். அக்கவுண்ட்ஸ் அண்ணன் எப்போதும் ஒரே கணினியில்தான் உட்காருவார் என்றால் இரண்டாவது வழி போதும். கிடங்கு மாதிரி, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறி ஒரே கணினியில் உட்காரும் இடத்தில் அது சரிப்படாது. அவருக்குக் கொடுத்த விலக்கு அடுத்த ஷிஃப்டில் வருகிற எல்லோருக்கும் கிடைத்துவிடும்.

திரை பூட்டுவதும் இப்படித்தான். ஸ்கிரீன் சேவர் நேரமும் அதற்கான பாஸ்வேர்டும் யூசர் பக்கத்தில், கண்ட்ரோல் பேனல், பெர்சனலைசேஷன் என்ற இடத்தில் இருக்கும். ஆனால் மெஷின் இன்ஆக்டிவிட்டி லிமிட் என்று இன்னொன்று கம்ப்யூட்டர் பக்கத்து செக்யூரிட்டி ஆப்ஷன்ஸில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து போடப்பட்டிருந்தால், ஒன்றை மட்டும் விலக்கிவிட்டுத் திரை இன்னும் ஏன் பூட்டுகிறது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். டோக்கன் திரைக்கு இரண்டையும் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், லூப்பேக் ப்ராசஸிங். கம்ப்யூட்டர் பக்கத்தில் இது இயக்கப்பட்டிருந்தால், அந்தக் கணினி இருக்கும் ஓயூவில் (ஆர்கனைசேஷனல் யூனிட், டொமைனில் கணக்குகளைப் பிரித்து வைக்கும் ஃபோல்டர் மாதிரி) இணைத்த ஜிபிஓக்களின் யூசர் செட்டிங்குகளும் லாகின் செய்பவர்மேல் ஏறும். ரீப்ளேஸ் என்று வைத்திருந்தால் ஆளின் சொந்த ஓயூவில் இருப்பது அங்கே கணக்கிலேயே வராது. டெர்மினல் சர்வர் வைத்திருக்கும் இடங்களில் இது அநேகமாக இருக்கும். முதலிலேயே தேடிப் பார்த்துவிடுங்கள்.

2. ஒரே ஜிபிஓவில் எல்லாம் குவிந்து கிடக்கிறதா?

நாம் போடப்போகும் விலக்கு ஒரு செட்டிங்குக்கு மட்டும் பொருந்தாது. அந்த ஜிபிஓ முழுவதற்கும் பொருந்தும். "ஆபீஸ் பாலிசி" என்று ஒரே ஜிபிஓவில் பென் டிரைவ் தடை, திரைப்பூட்டு, கண்ட்ரோல் பேனல் தடை, வால்பேப்பர் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தால், பென் டிரைவுக்காக ஒருவரை விலக்கும்போது அவருக்குத் திரைப்பூட்டும் போய்விடும். சம்பளப் பட்டியல் திறந்திருக்கும் திரை பூட்டாமல் கிடப்பது சின்ன விஷயம் இல்லை.

அதனால் முதலில் பிரியுங்கள். பென் டிரைவுக்கு மட்டும் புதிதாக ஒரு ஜிபிஓ உருவாக்கி, அதே ஓயூவில் இணைத்து, ஒரு கணினியில் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு பழைய ஜிபிஓவில் அந்த செட்டிங்கை நாட் கான்ஃபிகர்டு என்று மாற்றுங்கள். வரிசை முக்கியம். பழையதை முதலில் எடுத்தால் நடுவில் தடையே இல்லாத நேரம் ஒன்று உருவாகும்.

டிஃபால்ட் டொமைன் பாலிசியில் யாராவது இதையெல்லாம் போட்டு வைத்திருந்தால், அதில் விலக்கு போடவே போடாதீர்கள். அங்கே இருக்கும் மற்ற செட்டிங்குகளை வெளியே எடுத்துத் தனி ஜிபிஓ ஆக்குங்கள். அந்த பாலிசி பாஸ்வேர்டு, அக்கவுண்ட் லாக்கவுட், கெர்பரோஸ் ஆகியவற்றுக்கு மட்டும் இருக்கட்டும்.

3. காகிதம், செலவு, நேரம்

காகிதம்: வாய்மொழியாகச் சொன்னதை வைத்து விலக்கு கொடுக்காதீர்கள். துறைத் தலைவரிடமிருந்து ஒரு மெயில் வாங்குங்கள். அதில் ஆளின் பெயர், லாகின் பெயர், எந்தத் தடையிலிருந்து விலக்கு, என்ன காரணம், எந்தத் தேதி வரை, யார் ஒப்புதல் என்ற ஆறும் இருக்க வேண்டும். "தேதி வரை" என்பதைக் காலியாக விட்டு வரும் மெயிலை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்தால் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். அப்போது கையில் இருப்பது இந்த மெயில் மட்டும்தான். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாகுகளை (நடந்தவற்றின் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். விலக்கு பெற்றவர்களின் கணினி லாகுகளும் அந்தச் சேமிப்புக்குள் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செலவு: இதற்கென்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. குரூப் பாலிசி மேனேஜ்மென்ட் கன்சோல் சர்வரோடு வருகிறது. உங்கள் மேசைக் கணினியிலிருந்து வேலை பார்க்க ஆர்சாட் என்ற சர்வர் நிர்வாகக் கருவிகளை விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் வழியாக இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் அது ஓடும். பாலிசி விலக்குக்கென்று தனி மென்பொருள் விற்க யாராவது வந்தால் வாங்காதீர்கள். செலவு வரும் ஒரே இடம், ஹோம் பதிப்போடு வாங்கி வைத்திருக்கும் கணினிகள். ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்கவே முடியாது. ப்ரோவுக்கு மேம்படுத்தியே ஆக வேண்டும். பழகிப் பார்க்க வேண்டும் என்றால் விண்டோஸ் சர்வரின் 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி, ஹைப்பர்-வியில் (கணினிக்குள் கணினி ஓட்டும் வசதி) ஒரு சோதனை டொமைன் கட்டிக்கொள்ளுங்கள்.

நேரம்: கையால் செய்யும் வேலை அரை மணி நேரம்தான். காத்திருப்பதுதான் அதிகம், அதைக் கீழே சொல்கிறேன். அக்கவுண்ட்ஸ் ஆட்களின் பாலிசியில் கைவைக்கும்போது நாள் பார்த்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. அந்த நாட்களுக்கு முந்தைய இரண்டு நாளும் அவர்கள் கணினிப் பக்கம் போகாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

4. முதலில் பேக்கப்

கன்சோலில் குரூப் பாலிசி ஆப்ஜெக்ட்ஸ் என்ற ஃபோல்டரில் வலது கிளிக் செய்து பேக்கப் ஆல் கொடுங்கள். இன்றைய தேதியிட்ட ஒரு ஃபோல்டரில், சர்வர் அல்லாத இடத்தில் வையுங்கள். ஜிபிஓவோடு அதன் அனுமதிப் பட்டியலும் சேர்ந்தே சேமிக்கப்படும், அதனால் டினை (பாலிசியை மறுக்கும் டிக், 6ஆம் பகுதியில் வரும்) தவறிப்போனால் ரீஸ்டோர் செய்து பழைய நிலைக்கு வந்துவிடலாம். ஆனால் ஜிபிஓ எந்த ஓயூவில் இணைக்கப்பட்டது என்ற விவரம் ரீஸ்டோரில் திரும்ப வராது. அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஆளுக்கு விலக்கு வேண்டாம், குழுவுக்கு விலக்கு

ஆளின் பெயரை நேராக ஜிபிஓவின் அனுமதிப் பட்டியலில் போட முடியும். போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து யார் யாருக்கு விலக்கு இருக்கிறது என்று கேட்டால் ஒவ்வொரு ஜிபிஓவாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். குழுவாக இருந்தால் உறுப்பினர் பட்டியலைத் திறந்து காட்டிவிடலாம்.

ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸைத் திறந்து புதிய குழு ஒன்றை உருவாக்குங்கள். ஸ்கோப் குளோபல், டைப் செக்யூரிட்டி. டிஸ்ட்ரிபியூஷன் என்று தேர்ந்தெடுத்தால் அது மெயிலுக்கான குழு ஆகிவிடும், பாலிசிக்கு உதவாது. பெயரிலேயே விஷயம் தெரியட்டும். எங்களிடம் எல்லா விலக்குக் குழுவும் "ஜிபிஓ-விலக்கு" என்பதில் தொடங்கி, பிறகு தடையின் பெயர் வரும். டிஸ்க்ரிப்ஷன் கட்டத்தில் ஒப்புதல் மெயிலின் தேதியை எழுதி வையுங்கள்.

கணினிகளை விலக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு சின்னத் தடங்கல் வரும். குழுவில் உறுப்பினர் சேர்க்கும் பெட்டியில் கணினியின் பெயரைத் தட்டினால் "கிடைக்கவில்லை" என்று சொல்லும். அந்தப் பெட்டி வழக்கமாகக் கணினிகளைத் தேடுவதில்லை. மேலே ஆப்ஜெக்ட் டைப்ஸ் பொத்தானை அழுத்திக் கம்ப்யூட்டர்ஸ் என்பதற்கு டிக் போட்டால் வந்துவிடும். ஆட்களுக்கு ஒரு குழு, கணினிகளுக்கு ஒரு குழு என்று பிரித்தே வையுங்கள்.

6. டினை போடுவது

குரூப் பாலிசி மேனேஜ்மென்டில் அந்த ஜிபிஓவைத் தேர்ந்தெடுங்கள். வலது பக்கம் டெலிகேஷன் என்ற தாவலுக்குப் போங்கள். கீழே மூலையில் அட்வான்ஸ்டு என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, ஆட் கொடுத்து, உங்கள் விலக்குக் குழுவைச் சேருங்கள். சேர்த்ததும் அதற்கு ரீட் அனுமதி தானாகவே அலோ ஆகியிருக்கும். அதை அப்படியே விடுங்கள். பட்டியலைக் கீழே இறக்கினால் அப்ளை குரூப் பாலிசி என்ற வரி வரும். அந்த வரியில் மட்டும், டினை கட்டத்தில் மட்டும் டிக் போடுங்கள். ஓகே கொடுத்தால், டினை என்பது அலோவை மிஞ்சும், தொடரலாமா என்று எச்சரிக்கை வரும். யெஸ்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், புதிதாக உருவாக்கும் எந்த ஜிபிஓவிலும் ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் என்ற குழுவுக்கு ரீட், அப்ளை இரண்டும் கொடுக்கப்பட்டிருக்கும். டொமைனில் லாகின் செய்கிற எல்லோரும், கணினிகளும்கூட, அதில் அடக்கம். நாம் அதைத் தொடாமல் நம் குழுவுக்கு மட்டும் டினை போடுகிறோம்.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டியவை:

ஃபுல் கண்ட்ரோல் வரியில் டினை போடாதீர்கள். போட்டால் எல்லா வரியும் சேர்ந்து மறுக்கப்படும். அந்தக் குழுவில் நீங்களோ உங்கள் மேலதிகாரியோ இருந்தால் அந்த ஜிபிஓவை உங்களாலேயே திறக்க முடியாமல் போகும்.

டொமைன் யூசர்ஸ், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் ஆகிய குழுக்களுக்கு எந்தக் காரணத்துக்காகவும் டினை போடாதீர்கள். சில பேருக்கு அலோ தனியாகக் கொடுத்திருந்தாலும் டினைதான் வெல்லும். பாலிசி யாருக்குமே போகாது.

டொமைன் அட்மின்களும் ஆதென்டிகேட்டட் யூசர்ஸில் அடக்கம் என்பதால் தடை அவர்கள்மேலும் ஏறும். உங்கள் அட்மின் கணக்குக்கு விலக்கு வேண்டும் என்றால் அதையும் வெளிப்படையாகக் குழுவில் சேர்க்க வேண்டும். ஆனால் அட்மின் கணக்கில் பென் டிரைவ் செருகும் பழக்கத்துக்கு நான் ஆதரவாக இல்லை.

ஸ்கோப் தாவலில் இந்த டினை தெரியவே தெரியாது. டெலிகேஷன் பட்டியலில் உங்கள் குழுவுக்கு நேராக கஸ்டம் என்று மட்டும் காட்டும். நாளை உங்கள் இடத்துக்கு வருபவர் ஸ்கோப்பை மட்டும் பார்த்துவிட்டுக் குழம்புவார். அதனால் ஜிபிஓவை எடிட்டரில் திறந்து, மேலே உள்ள பெயரில் வலது கிளிக், ப்ராபர்ட்டீஸ், கமென்ட் என்று போய் "இந்தக் குழுவுக்கு விலக்கு உண்டு" என்று எழுதி வையுங்கள். தமிழிலும் எழுதலாம்.

சிலர் வேறு மாதிரி செய்யச் சொல்வார்கள்: ஸ்கோப் தாவலின் செக்யூரிட்டி ஃபில்டரிங்கிலிருந்து ஆதென்டிகேட்டட் யூசர்ஸை நீக்கிவிட்டு, பாலிசி யாருக்கு வேண்டுமோ அந்தக் குழுவை மட்டும் சேர்ப்பது. செய்யலாம். ஆனால் 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 என்ற பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு, யூசர் பாலிசிகளையும் கணினியின் கணக்கு வழியாகத்தான் விண்டோஸ் படித்து எடுக்கிறது. கணினிக்கு ரீட் அனுமதி இல்லையென்றால் ஆள் சரியான குழுவில் இருந்தாலும் பாலிசி வராது. ஆகவே நீக்கியதும் டெலிகேஷன் தாவலுக்குப் போய் ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கோ டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்கோ ரீட் மட்டும் திரும்பக் கொடுங்கள். அப்ளை வேண்டாம். 2016க்கு முன்னால் எழுதிய குறிப்புகளைப் பார்த்து வேலை செய்பவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். விலக்கப்பட வேண்டியவர்கள் கொஞ்சப் பேர் என்றால் டினைதான் எளிது. பாலிசியே கொஞ்சப் பேருக்குத்தான் என்றால் இந்த வழி நல்லது.

7. எப்போது அமலுக்கு வரும்?

டினை போட்ட உடனே ஆளைக் கூப்பிட்டு "இப்ப போட்டுப் பாருங்கண்ணே" என்று சொல்லாதீர்கள். வேலை செய்யாது, அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

ஆள் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது லாகின் நேரத்தில்தான் அவருடைய டோக்கனில் (விண்டோஸ் உள்ளே வைத்திருக்கும் அடையாளச் சீட்டில்) எழுதப்படும். குழுவில் சேர்த்த பிறகு அவர் லாகாஃப் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் விலக்கு கிடைக்கும். திரையைப் பூட்டித் திறப்பது லாகாஃப் ஆகாது. கணினிகளைக் குழுவில் சேர்த்திருந்தால் அவற்றை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மின்வாரியம் மாதப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளுக்கு முன் குழுவில் சேர்த்துவிட்டால், மறுபடி கணினிகள் போடப்படும்போது தானாகவே எல்லாம் சேர்ந்துவிடும். கிடங்குக் கணினிகளுக்கு நான் இப்படித்தான் செய்கிறேன். ஒவ்வொருவரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

பாலிசியின் மாற்றங்கள் பின்னணியில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை கூடுதல் இடைவெளி சேர்த்து, ஒவ்வொரு கணினிக்கும் வந்துசேரும். காத்திருக்க முடியாது என்றால் கமாண்ட் ப்ராம்ப்டில் ஜிபிஅப்டேட் என்று தட்டி, இடைவெளி விட்டு ஸ்லாஷ் ஃபோர்ஸ் சேர்த்து ஓடவிடுங்கள். ஆனால் லாகாஃப் செய்யாமல் இதை எத்தனை முறை ஓட்டினாலும் புதிய குழு உறுப்பினர் தகவல் டோக்கனில் ஏறாது.

கிளையில் தனி டொமைன் கண்ட்ரோலர் (டொமைன் கணக்குகளை வைத்திருக்கும் சர்வர்) வைத்திருந்தால் இன்னொரு காத்திருப்பும் உண்டு. தனித்தனி சைட்டுகளாக அமைத்திருக்கும்போது அவற்றுக்கு இடையே ரெப்ளிகேஷன் (ஒரு சர்வரில் செய்த மாற்றம் மற்றதற்குப் போவது) வழக்கமாக 180 நிமிடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். 15 நிமிடம் வரை குறைக்கலாம். அண்ணா நகரில் குழுவில் சேர்த்தது மேலூர் சர்வருக்குத் தெரிய மூன்று மணி நேரம் ஆகலாம் என்று அர்த்தம். அவசரம் என்றால் ஆக்டிவ் டைரக்டரி சைட்ஸ் அண்ட் சர்வீசஸில் ரெப்ளிகேட் நவ் கொடுங்கள், அப்புறம் அங்கே இருப்பவரை லாகாஃப் செய்யச் சொல்லுங்கள். வரிசை மாறினால் பலன் இல்லை.

8. சரிபார்க்காமல் முடிக்காதீர்கள்

விலக்கு பெற்றவரின் கணினியில், அவருடைய லாகினிலேயே, சாதாரண கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஜிபிரிசல்ட், இடைவெளி, ஸ்லாஷ் ஆர் என்று ஓட்டுங்கள். அட்மின் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துத் திறந்த ப்ராம்ப்டில் ஓட்டினால் அட்மினுக்கான பதில்தான் வரும். இது பலரைக் குழப்பும்.

வரும் பதிலில் யூசர் செட்டிங்ஸ் பகுதிக்குப் போங்கள். அமலான ஜிபிஓக்களின் பட்டியல் ஒன்று, வடிகட்டி ஒதுக்கப்பட்டவை இன்னொன்று. உங்கள் ஜிபிஓ இரண்டாவதில் வந்து, அதன் கீழே ஃபில்டரிங்: டினைடு, அடைப்புக்குறிக்குள் செக்யூரிட்டி என்று இருந்தால் வேலை முடிந்தது. எம்ப்ட்டி என்று இருந்தால் அது உங்கள் டினை இல்லை, அந்த ஜிபிஓவின் யூசர் பக்கத்தில் எதுவுமே இல்லை என்று பொருள். அதாவது செட்டிங் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருக்கிறது. 1ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். பட்டியல் சரியாக இருந்தும் பென் டிரைவ் திறக்கவில்லை என்றால் வேறொரு ஜிபிஓவிலும் அதே தடை இருக்கலாம். ஸ்லாஷ் எச் போட்டு, ஒரு ஃபைல் பெயரும் கொடுத்தால் விரிவான அறிக்கை வரும். அதில் எந்த செட்டிங் எந்த ஜிபிஓவிலிருந்து வந்தது என்று தெளிவாகத் தெரியும்.

பிறகு ஒரு முக்கியமான வேலை: விலக்கு பெறாத ஒருவரின் கணினியிலும் ஓட்டிப் பாருங்கள். அவருக்குத் தடை இன்னும் இருக்க வேண்டும். விலக்கு சரியாக இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள், தடை மீதிப் பேருக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு.

டினை சரிப்படாத சில இடங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பாஸ்வேர்டு விதிகள்: எத்தனை நாளில் மாற்ற வேண்டும், எத்தனை எழுத்து என்பதை ஜிபிஓ டினையால் ஆளுக்கு ஆள் மாற்ற முடியாது. டொமைன் கணக்குகளுக்கு அது டொமைன் மட்டத்தில்தான் தீர்மானமாகும். அதற்கு ஃபைன் கிரெய்ன்டு பாஸ்வேர்டு பாலிசி என்று தனி வசதி உண்டு. சர்வர் 2008லிருந்து இருக்கிறது. 2012லிருந்து ஆக்டிவ் டைரக்டரி அட்மினிஸ்ட்ரேட்டிவ் சென்டரிலேயே மவுஸால் செய்துவிடலாம். ஆளுக்கோ குளோபல் செக்யூரிட்டி குழுவுக்கோ கொடுக்கலாம், ஓயூவுக்குக் கொடுக்க முடியாது.

ப்ரெஃபரன்சஸ் பகுதியில் போட்ட டிரைவ் மேப், பிரின்டர், ஷார்ட்கட் போன்றவை: இதில் ஒவ்வொன்றுக்கும் காமன் தாவலில் ஐட்டம் லெவல் டார்கெட்டிங் இருக்கிறது. "இந்தக் குழுவில் இல்லையென்றால் மட்டும்" என்று நிபந்தனை வைக்கலாம். ஜிபிஓவைப் பிரிக்க வேண்டியதே இல்லை. ஆனால் விலக்கிய பிறகும் பழைய டிரைவ் அங்கேயே இருக்கும், தானாகப் போகாது. பொருந்தாதபோது நீக்கு என்ற டிக்கை முன்பே போட்டிருக்க வேண்டும்.

விலக்கப்பட்டவர்களைத் தனி ஓயூவில் போட்டு ப்ளாக் இன்ஹெரிட்டன்ஸ் செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யலாம், நான் செய்ய மாட்டேன். மேலிருந்து வரும் எல்லா பாலிசியும் சேர்ந்து நின்றுவிடும். என்ஃபோர்ஸ்டு (கட்டாயம்) செய்த பாலிசி மட்டும் அதையும் தாண்டி உள்ளே வரும். ஒருவர் ஒரு ஓயூவில்தான் இருக்க முடியும் என்பதால், அவருக்கு இன்னொரு விலக்கு தேவைப்படும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

9. டொமைன் இல்லாத அலுவலகம்

விளக்குத்தூண் பக்கம் ஐந்தாறு கணினி வைத்திருக்கும் கடைகளில் டொமைன் இருக்காது. லோக்கல் பாலிசியை ஜிபிஎடிட் வழியாகப் போட்டால் அட்மின் உட்பட அந்தக் கணினியின் எல்லாக் கணக்குக்கும் அது ஏறிவிடும். அதற்குப் பதிலாக ரன் பெட்டியில் எம்எம்சி என்று தட்டுங்கள். ஃபைல், ஆட் ஆர் ரிமூவ் ஸ்நாப்-இன், அதில் குரூப் பாலிசி ஆப்ஜெக்ட் எடிட்டர். சேர்க்கும்போது வரும் பெட்டியில் ப்ரவுஸ் அழுத்தி யூசர்ஸ் தாவலுக்குப் போனால் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், அதோடு ஒவ்வொரு லோக்கல் கணக்கும் தனித்தனியாகத் தெரியும். நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸைத் தேர்ந்தெடுத்து அதில் தடையைப் போடுங்கள், அட்மின் கணக்கு தப்பித்துவிடும். ஊழியர்களில் ஒருவருக்கு மட்டும் விலக்கு என்றால் அவர் பெயரைத் தேர்ந்தெடுத்து அதே செட்டிங்கை டிஸேபிள்டு என்று வையுங்கள். ஆளுக்கான பாலிசி கடைசியில் படிக்கப்படுவதால் அதுதான் வெல்லும். யூசர் பக்கத்து செட்டிங்குகளுக்கு மட்டுமே இந்த வழி. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது.

10. விலக்கைத் திரும்ப எடுப்பது

மெயிலில் எழுதிய தேதி வந்ததும் குழுவிலிருந்து ஆளை நீக்குங்கள், அடுத்த லாகினில் தடை திரும்பிவிடும். ஜிபிஓவில் டினையைத் தொட வேண்டாம், குழு காலியாக இருந்தாலும் அது அங்கேயே இருக்கட்டும். அடுத்த ஆளுக்குப் பயன்படும்.

தேதியை நினைவில் வைப்பதுதான் கடினம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலக்குக் குழுக்களின் உறுப்பினர் பட்டியலை எடுத்து, துறைத் தலைவர்களுக்கு அனுப்பி, "இவர்களுக்கு இன்னும் தேவையா" என்று கேளுங்கள். துறை மாறிப் போனவர்கள், வேலையை விட்டவர்கள் எல்லாம் அதில் வெளிப்படுவார்கள். ஆடிட் நேரத்துக்கு மட்டும் என்று வாங்கிய விலக்குகளும் அதில்தான் கிடைக்கும்.

உங்கள் ஃபாரஸ்ட் (டொமைன்களின் ஒட்டுமொத்தத் தொகுதி) 2016 ஃபங்ஷனல் லெவலில் இருந்தால் தானாகக் காலாவதியாகும் உறுப்பினர் வசதியையும் பயன்படுத்தலாம். அதற்கு பிரிவிலேஜ்டு ஆக்சஸ் மேனேஜ்மென்ட் என்ற கூடுதல் அம்சத்தை இயக்க வேண்டும். பிறகு பவர்ஷெல்லில் குழுவில் சேர்க்கும் கட்டளையோடு எத்தனை நாள் என்றும் சேர்த்துக் கொடுத்தால், நாள் முடிந்ததும் ஆள் குழுவிலிருந்து தானே வெளியேறிவிடுவார். அந்த அம்சத்தை ஒருமுறை இயக்கினால் நிறுத்த முடியாது, ஆகவே சோதனை டொமைனில் பழகிப் பார்த்துவிட்டு, நிர்வாகத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகு இயக்குங்கள்.